சொந்த ஊரில் ஆடாத சாம்பியன்

2023 ஜனவரியில் இந்திய தேசியக் கூடைப்பந்து லீகின் முதல் பருவத்து இறுதிக்கட்ட ஆட்டங்கள் பெங்களூரில் நடந்தன. கோப்பையைச் சென்னை ஹீட் அணி வென்றது. இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பே முன்னின்று நடத்திய தொழில்முறை லீகின் முதல் பட்டம் அது. ஆயினும் சென்னையின் எந்தத் தெருவிலும் அதற்காக ஒரு பட்டாசு வெடித்ததாகத் தெரியவில்லை. இந்த மௌனத்துக்குக் காரணம் கிரிக்கெட் மோகம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. ஆனால் அந்தப் பழியைக் கிரிக்கெட்டின்மீது போடுவதற்குமுன் அந்தப் பருவம் கட்டப்பட்ட விதத்தைப் பார்க்க வேண்டும்.

லீகில் ஆறு அணிகள்: சென்னை, பெங்களூர், கொச்சி, மும்பை, தில்லி, சண்டிகர். 2022 அக்டோபரில் கொச்சியில் தொடங்கிய ஆட்டங்கள் ஜெய்ப்பூருக்கும் புனேவுக்கும் சென்று பெங்களூரில் முடிந்தன. ஜெய்ப்பூருக்கும் புனேவுக்கும் லீகில் அணியே இல்லை. அணி இருந்த சென்னையிலோ ஓர் ஆட்டமும் இல்லை. பட்டம் வென்ற அணி, தான் பெயர் தாங்கிய நகரத்து மக்கள்முன் ஒருநாளும் ஆடாமலேயே பட்டம் வென்றது. சட்டையில் அச்சிட்ட ஊர்ப்பெயர் அளவிலேயே சென்னை அந்த லீகில் இடம்பெற்றிருந்தது.

இதன் விளைவை அத்திபெலேயில் நின்று பார்த்தால் நன்றாக விளங்கும். ஆனேகல் வட்டத்தின் தென்கோடி. சுங்கச்சாவடியைத் தாண்டினால் ஓசூர், தமிழ்நாடு. கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒரே தேநீர்க் கடையில் புழங்கும் ஊர். பெங்களூர் கிங்ஸ், சென்னை ஹீட் என்று இரண்டு அணிகள் இருக்கும் ஒரு லீகுக்கு இதைவிடப் பொருத்தமான எல்லையூர் வாய்க்காது. ஒரே வீட்டில் தந்தை ஓர் அணிக்கும் மகள் இன்னோர் அணிக்கும் கட்சி கட்டியிருக்கலாம். இறுதிக்கட்டம் நடந்ததோ இதே மாநகரில், ஓசூர் சாலையில் ஒரு பேருந்துப் பயணத் தொலைவில். ஆனால் கட்சி கட்டுவதற்கு முதலில் நினைவு வேண்டும். சென்ற மாதம் நம் ஊரில் வந்து நம்மைத் தோற்கடித்துப் போனவன் இன்று மீண்டும் வருகிறான் என்ற நினைவு. அந்த நினைவைத் திரட்டித் தருவதுதான் லீக் பருவத்தின் வேலை; ப்ளே-ஆஃப் என்பது அதை அறுவடை செய்யும் இடம்.

அமெரிக்காவின் என்.பி.ஏ. இதற்கு நல்ல சான்று. ஓர் அணி 82 ஆட்டங்களைச் சொந்த ஊரிலும் எதிரூரிலும் சரிபாதியாக ஆடுகிறது. அதன்பின் வரும் ப்ளே-ஆஃபில் ஒவ்வொரு சுற்றும் ஏழு ஆட்டத் தொடர். முதலில் நான்கு வெல்பவர் மேலே செல்வர். தரவரிசையில் முந்திய அணிக்குக் கூடுதலாக ஓர் ஆட்டம் சொந்த ஊரில் கிடைக்கும். ஆறு மாத உழைப்புக்கு அந்த ஓர் ஆட்டமே கூலி.

ஒருவர் மறுத்துக் கேட்கலாம்: 2020இல் அதே என்.பி.ஏ. தன் ப்ளே-ஆஃப் முழுவதையும் ஆர்லாண்டோவுக்கு அருகில், டிஸ்னி வளாகத்துக்குள் அடைத்து, பார்வையாளரே இல்லாமல் நடத்தவில்லையா? நடத்தியது. கொரோனாவால் மார்ச் 11 அன்று நின்ற பருவம் ஜூலை 30இல் மீண்டும் தொடங்கி அக்டோபர் 11இல் முடிந்தது. லேக்கர்ஸ் அணி மயாமி ஹீட்டை 4–2 என வென்றது. அதைப் பொய்யான பட்டம் என்று யாரும் ஒதுக்கவில்லை. ஜேக்கப் பிளேக் என்ற கறுப்பினத்தவர் கெனோஷாவில் காவல்துறையால் சுடப்பட்டபோது, மில்வாக்கி அணி களமிறங்க மறுத்தது. அந்நாளைய ஆட்டங்கள் அனைத்தும் நின்றன. கெனோஷா மில்வாக்கிக்குப் பக்கத்து ஊர். ஆளற்ற அரங்கிலும் அணி ஓர் ஊருக்குரியதாகவே இருந்தது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. பல பத்தாண்டுகளாகச் சேர்த்த உறவை வைத்து என்.பி.ஏ. ஒரு கோடையைக் கடந்தது. நேற்றுப் பிறந்த லீகுக்கு அந்தச் சேமிப்பு ஏது?

இந்தியாவிலேயே உதாரணம் உண்டு. 2014இல் தொடங்கிய புரோ கபடி லீக் தன் ஆட்டங்களை அணிகளின் நகரங்களுக்கு ஒவ்வொன்றாக எடுத்துச் சென்றது. பெருந்தொற்றின்போது 2021–22 பருவத்தை முழுவதுமாகப் பெங்களூர் வைட்ஃபீல்டில் ஒரு விடுதிக்குள், பார்வையாளரின்றி நடத்தியது. தபாங் தில்லி 37–36 என்று ஒரே புள்ளியில் பாட்னாவை வென்ற அந்த இறுதியாட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு அணிகள் ஏற்கெனவே பழகியவை. கூடைப்பந்து லீகோ அந்தப் பழக்கத்துக்கு இடம் தராமலேயே இறுதியாட்டத்துக்கு வந்து நின்றது.

இழப்பு ரசிகருடையது மட்டுமென்றால் பொறுத்துக்கொள்ளலாம். இந்தியக் கூடைப்பந்து வீரர் இன்றும் பெரும்பாலும் ரயில்வே, வங்கி, வருமானவரி, ராணுவம் ஆகியவற்றின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலையை நம்பியே வாழ்கிறார். இந்திய மகளிர் அணித் தலைவராக இருந்து 2021இல் பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரை தெற்கு ரயில்வே ஊழியர். அந்த ஒதுக்கீட்டை இழிவாகப் பேசுவோர் உண்டு. அது தவறு, ஆட்டம் இங்கே பிழைத்ததே அதனால்தான். ஆனால் அந்த வேலைகள் எண்ணிக்கையில் குறைவு. அதற்கு மாற்றாக ஒரு வருமானம் வரவேண்டுமானால் நுழைவுச்சீட்டு வாங்குபவர் வேண்டும். ஊரில் ஆட்டம் இல்லாத அணிக்கு எவர் சீட்டு வாங்குவார்? யு.பி.ஏ. என்ற தனியார் லீக் 2015இல் தொடங்கி, சென்னை ஸ்லாம், பெங்களூர் பீஸ்ட் என்றெல்லாம் பெயர்சூட்டி, 2017க்குப் பின் மறைந்துபோனது. அதன் வீரர்கள் பழைய வேலைகளுக்கே திரும்ப வேண்டியிருந்தது.

2025இல் இந்திய தேசிய லீக் 25 வயதுக்குட்பட்ட உள்நாட்டு வீரர்களை வைத்து மீண்டும் வந்தது; ஆட்டங்கள் தில்லியில். பயணச் செலவும் அரங்க வாடகையும் ஒளிபரப்பு வசதியும் இந்த முடிவுக்குக் காரணங்களாக இருக்கலாம். அவை பொய்யான காரணங்கள் அல்ல. எனினும் ஆறு அணிகளையும் நாடெங்கும் அலையவைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அரையிறுதியையும் இறுதியையும் மட்டுமாவது இரண்டு ஊர்களிலும் மாறிமாறி ஆடும் மூன்று ஆட்டத் தொடராக்கலாம். சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே இறுதித்தொடர் அமைந்தால் ஓர் ஆட்டம் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில், அடுத்தது கண்டீரவாவில். இடைத்தொலைவு சுமார் 350 கிலோமீட்டர், இரவுப் பேருந்துக்குரிய தூரம். அந்தப் பேருந்து வழியில் அத்திபெலே சுங்கச்சாவடியில் நின்றுதான் போகும்.