கொக்கட்டி மரத்தடியில் நின்ற வேடன்

மட்டக்களப்பு வாவியின் படுவான்கரையில் பிறந்த பிள்ளை எதுவும் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் ஆலயத்தின் தலக்கதையைக் கேளாமல் வளர்வதில்லை. தேன் எடுக்கக் காடு புகுந்த வேடன் ஒருவன் கொக்கட்டி மரத்தில் கோடரியை ஓங்கினான். வெட்டுவாயிலிருந்து குருதி பெருகியது. அஞ்சியவன் தன் உடுதுணியால் அதனைப் போர்த்தினான். இறைவன் வெளிப்பட்ட இடம் அதுவே என்பர். வாவியின் தென்புறத்து மண்டூரிலும் தில்லை மரத்தடியில் வேலைக் கண்டு முதலில் வணங்கியோர் வேடரே என்பது மரபு. இவ்விரு கோயில்களின் திருவிழாக்களுக்கும் ஆண்டுதோறும் பல்லாயிரவர் திரள்கின்றனர். அந்த வேடரின் வழிவந்தோர் இன்று எங்கே, எந்நிலையில் வாழ்கின்றனர் என வினவுவோரோ மிகச் சிலர்.

அவர்கள் தொலைவில் இல்லை. வாகரையைத் தலைமையிடமாகக் கொண்ட கோறளைப்பற்று வடக்கில் குஞ்சங்கல்குளம், மதுரங்கேணிக்குளம், கிரிமிச்சை, மாங்கேணி முதலான ஊர்களிலும், ஏறாவூர்ப்பற்றில் களுவங்கேணியிலும் வாழ்கின்றனர். தேனும் கிழங்கும் சேனைப் பயிரும் ஒருபுறம், களப்பின் மீனும் நண்டும் இறாலும் மறுபுறம் என, காட்டுக்கும் நீருக்கும் இடையே அமைந்த வாழ்வு அவர்களுடையது. இன்று அதனோடு கூலி வேலையும் சேர்ந்துள்ளது. வீட்டிலும் வெளியிலும் பேசுவது தமிழ். ஆயினும் ஆண்டுச் சடங்கில் முன்னோர் ஆவிகளை அழைக்கும் பாடல்களில், அன்றாடப் பேச்சில் வழங்காத பழஞ்சொற்கள் இன்றும் ஒலிக்கின்றன. கடலோடு வாழ்ந்த வேடர் கப்பல் தெய்வத்தையும் வழிபட்டனர் என்பதை, 1911இல் வெளிவந்த தமது நூலில் மானிடவியலாளரான செலிக்மன் இணையர் பதிவு செய்துள்ளனர்.

அந்நூலே ஒரு தீங்குக்கும் வித்திட்டது. நூலாசிரியர்கள் தேடியது ‘கலப்பற்ற’ வேடரை. கரையோர வேடரைக் கலந்து மாறிய கிளையினராகவே கணித்தனர். அந்த அளவுகோலை அரசும் கைவிடவில்லை. வேடர் எனில் உள்நாட்டுக் காட்டூரான தம்பானை, வேடர் எனில் தோளில் கோடரி, வேடர் எனில் சிங்களத்தோடு உறவுடைய ஒரு மொழி என்று ஓர் உருவம் வரையப்பட்டு, அரச விழாக்களில் நிறுத்தப்படுகிறது. அவ்வுருவத்துக்குள் அடங்காத தமிழ் பேசும் வேடர் கணக்கிலிருந்தே மறைந்துபோகின்றனர். காலத்தோடு மாறாத மக்கள் உலகில் எவருளர்? சிங்களவரிடமோ தமிழரிடமோ கேட்கப்படாத தூய்மைச் சான்றிதழை வேடரிடம் மட்டும் கேட்பது அநீதி.

மேடையில் நிறுத்தப்பட்டோரின் நிலையும் மேடையோடு முடிந்தது. 1983 நவம்பர் 9ஆம் நாள் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டது. மகாவலித் திட்டத்தால் ஏற்கெனவே சுருங்கிய காட்டின் எஞ்சிய பகுதியும் அதற்குள் சென்றது. பன்னெடுங்காலத் தொழிலான வேட்டை ஒரே நாளில் குற்றமாயிற்று. குடும்பங்கள் குடியேற்றப் பகுதிகளுக்கு அனுப்பப்பட்டன. தம்பானையின் முதுபெருந்தலைவர் ஊருவரிகே திசாகாமி தம் மண்ணை விட்டகல மறுத்தார். அவர் மகன் வன்னில எத்தோ 1996இல் ஜெனீவா சென்று ஐக்கிய நாடுகளின் பழங்குடியினருக்கான செயற்குழுவில் முறையிட்டார். காட்டைக் காக்கும் சட்டம், காட்டை அழிக்காது வாழ்ந்தவர்களையே முதலில் வெளியேற்றியதை என்னென்பது?

தம்பானையின் குரல் ஜெனீவா வரை சென்றது. வாகரையின் குரல் மட்டக்களப்பு நகரைக்கூட எட்டவில்லை. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் ஐயாயிரத்துக்கு மேற்பட்டிருந்த வேடர் தொகை 1963இல் 400 ஆகக் காட்டப்பட்டது. 2012இன் இனவாரி அட்டவணையில் அவர்களுக்குத் தனி நிரலே இல்லை. மக்கள் மாண்டு போகவில்லை. எழுதுவோர் அவர்களை வேறு பெயரில் எழுதினர். 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை வாகரைக் கரையை வாரிச் சுருட்டியது. ஈராண்டுக்குள் போர் வந்தது. 2006 நவம்பரில் கதிரவெளியில் ஏதிலிகள் தங்கியிருந்த பாடசாலை எறிகணைக்கு இலக்காயிற்று. 2007 சனவரியில் வாகரை படையினர் வசமாயிற்று. இத்தனை இடப்பெயர்விலும் வேடர் என்ற பெயரில் அவர்களின் இழப்பு எங்கும் தனியே எண்ணப்படவில்லை. இன்று கதிரவெளிக் கரையில் இல்மனைற் மணல் அகழ்வும், வாகரைக் களப்பையொட்டி இறால் பண்ணைத் திட்டமும் பேசப்படுகின்றன. மக்கள் எதிர்த்து நிற்கின்றனர். காட்டோரத்தில் வனத் திணைக்களத்தின் எல்லைக்கற்கள், கரையில் முதலீட்டாளரின் வேலி என்றானால் இடையில் வாழ்பவர் எங்கே போவர்?

குற்றம் அரசின்மீது மட்டும் என்று எழுதி ஓய்ந்துவிட எமக்கு மனம் ஒப்பவில்லை. ‘வேடன்’ என்பதை வசைச்சொல்லாக்கியவர்கள் நாமே. பாடசாலையில் தம் பிறப்பை மறைக்கும் பிள்ளைகள் உடன் பயிலும் நம் பிள்ளைகளின் ஏளனத்துக்கு அஞ்சியே மறைக்கின்றனர். கலியாணப் பேச்சிலும் கோயில் உரிமையிலும் அவர்களை எட்ட நிறுத்தும் நாம், தேர்தல் காலத்தில் மட்டும் அவர்களைத் தமிழரென்று எண்ணிக்கொள்கிறோம். தமிழ் பேசுவதால் தமிழராகவும் மூதாதையரால் வேடராகவும் ஒருவர் இருத்தல் கூடும். அதைத் தீர்மானிக்கும் உரிமை அவருடையது. கொழும்பு தன் அடையாளத்தை மறுக்கிறது என்று முக்கால் நூற்றாண்டாக முறையிடும் ஒரு மக்கள் கூட்டம், தன் அயலவரின் அடையாளத்தை விழுங்கலாகாது.

2007 செப்டெம்பர் 13இல் பழங்குடி மக்கள் உரிமைகள் பற்றிய பிரகடனத்தை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நிறைவேற்றியபோது இலங்கை ஆதரித்து வாக்களித்தது. வழிவழி வாழ்ந்த நிலத்தின் மீதான உரிமையை அதன் 26ஆம் உறுப்புரையும், அந்நிலத்தைத் தொடும் திட்டங்களுக்கு முன்கூட்டிய, தெளிவறிந்த, கட்டாயமற்ற இசைவு வேண்டுமென்பதை 32ஆம் உறுப்புரையும், தம் அடையாளத்தைத் தாமே வரையறுக்கும் உரிமையை 33ஆம் உறுப்புரையும் கூறுகின்றன. ஆனால் 1978 அரசியலமைப்பில் பழங்குடி என்ற சொல்லே இல்லை. பழங்குடி மக்கள் பற்றிய சர்வதேசத் தொழில் அமைப்பின் 169ஆம் சமவாயத்தை நேபாளம் 2007இல் ஏற்றது. இலங்கை இன்றளவும் ஏற்கவில்லை.

நாடாளுமன்றத்தில் மட்டக்களப்பின் பெயரால் அமர்ந்திருப்போர் இதனை எழுப்புதல் வேண்டும். வாகரையின் கரையிலும் களப்பிலும் காட்டிலும் எத்திட்டத்துக்கும் அனுமதி வழங்குமுன் வேடர் ஊர்களின் இசைவு பெறப்படல் வேண்டும். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் அவர்களின் பேராளர் அமர்தல் வேண்டும். குடிசன மதிப்பீட்டு அலுவலர் மதுரங்கேணிக்குளத்து வாசலொன்றில் நின்று இனம் யாதென வினவுங்கால், மறுமொழி அவ்வீட்டு மூதாட்டியின் வாயிலிருந்து வரட்டும். அவர் சொன்ன சொல்லே படிவத்தில் ஏறட்டும்.