மிளகாயா? சீமைக்கருவேலமா?

இராமநாதபுரம் சீமை, சிவகங்கைச் சீமை என்று நம் முன்னோர் பேசியபோது 'சீமை' என்ற சொல் சொந்த மண்ணைக் குறித்தது. பின்னர் அதே சொல் கடல் கடந்த நாட்டையும் குறிக்கலாயிற்று. சீமெண்ணெய், சீமைப்பசு, சீமைக்கருவேலம் என்று அந்தப் பட்டியல் நீளும். அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்து வானம் பார்த்த பூமியிலும் வெளிநாட்டின் சாயல் படியாத வீடு இல்லை. நாம் கதவைத் திறக்கும் சாவி, காற்று வாங்கும் ஜன்னல், பிள்ளைகள் எழுதும் மேசை ஆகிய சொற்கள் போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தவை. ஆக, அந்நியப் பண்பாடு எப்போதோ நம் வீட்டுக்குள் வந்துவிட்டது. வந்ததை நாம் ஆள்கிறோமா, அது நம்மை ஆள்கிறதா என்பதே நாம் சிந்திக்க வேண்டியது.

இரு செடிகள் சொல்லும் பாடம்

மிளகாய் நம் நாட்டுப் பயிர் அல்ல. அமெரிக்கக் கண்டத்தில் விளைந்த அதைப் போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தனர். அதுவரை நம் குழம்புக்குக் காரம் தந்தது மிளகு. நம் உழவர்கள் விதை தேர்ந்து, நம் மண்ணுக்கும் மழைக்கும் ஏற்ப மிளகாயைப் பழக்கினார்கள். 2023இல் இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடே கிடைத்தது. அந்நியச் செடி இன்று நம் மண்ணின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சீமைக்கருவேலமும் அதே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். ஆங்கிலேயர் ஆட்சியில் 1870களில் அது இந்தியாவுக்குள் வந்தது. ஆடுமாடுகள் அதன் நெற்றைத் தின்ன, சாணத்தோடு விதை ஊரெங்கும் பரவியது. கண்மாய், ஊருணி, வரத்துக்கால், தரிசு என எங்கும் அது மண்டிக் கிடப்பதைக் காண்கிறோம். அதே வேளையில், மழை பொய்த்த ஆண்டுகளில் கரிமூட்டம் போட்டுத்தான் பல ஏழைக் குடும்பங்கள் அடுப்பு எரித்தன என்பதையும் மறக்க முடியாது. மரத்தை அகற்றச் சொல்பவர்கள், அந்தக் குடும்பங்களின் பிழைப்புக்கும் வழி சொல்ல வேண்டும்.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு? உழவரின் கை பட்ட இடத்தில் மிளகாய் விளைந்தது. கவனிப்பாரற்றுக் கிடந்த இடத்தில் கருவேலம் மண்டியது. நாம் கைவிட்ட இடத்தையே அந்நியம் ஆக்கிரமிக்கிறது.

வீட்டுக்குள் நடப்பது என்ன?

குதிரைவாலியும் கம்பும் நம் மானாவாரி நிலத்தின் உணவு. அரிசிச் சோறே கௌரவம் என்று எண்ணி அவற்றை ஒதுக்கினோம். ஐ.நா. சபை 2023ஐ உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியபோது, நாம் ஒதுக்கிய தானியம் பாக்கெட்டில் அடைபட்டு, கூடுதல் விலையோடு கடைக்கு வந்தது. உணவில் நேர்ந்தது உறவிலும் நேர்கிறது. குடும்ப செபமும், தாத்தா பாட்டியின் கதையும் நின்றுபோன வீட்டில் கைப்பேசி அந்த இடத்தைப் பிடிக்கிறது. கைப்பேசியை மட்டும் குறை சொல்லிப் பயன் என்ன?

'நம்முடையது' என்பதாலேயே எல்லாம் நல்லதாகிவிடுமா? சாதியும் வரதட்சணையும் வெளிநாட்டிலிருந்து வந்தவை அல்லவே! 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியரான இராபர்ட் தெ நொபிலி, தமிழும் வடமொழியும் கற்று, காவி உடுத்தி, மரக்கறி உணவு உண்டு நற்செய்தி அறிவித்தார். அந்நியர் ஒருவர் நம் பண்பாட்டை மதித்ததற்கு அவர் சான்று. ஆனால் அவர் சாதி வேறுபாட்டோடு செய்துகொண்ட சமரசம் இன்றும் விமர்சிக்கப்படுகிறது. உள்ளூர் வழக்கமானாலும் வெளியூர் வழக்கமானாலும் நற்செய்தி என்னும் உரைகல்லில் உரசிப் பார்க்க வேண்டும். அனைத்தையும் சோதித்து நல்லதைப் பற்றிக்கொள்ளுமாறு தூய பவுல் அறிவுறுத்துவது (1 தெச 5:21) இதையே.

குமாரலிங்கபுரத்துக்கு வரும் உலகம்

இப்போது உலகச் சந்தையே நம் வாசலுக்கு வருகிறது. 2023 மார்ச்சில் மத்திய அரசு அறிவித்த ஏழு 'பி.எம். மித்ரா' ஜவுளிப் பூங்காக்களுள் ஒன்றுக்கு விருதுநகர் மாவட்டம் இ.குமாரலிங்கபுரம் தேர்வானது. பரப்பு ஆயிரம் ஏக்கருக்கு மேல். பூங்கா ஒன்றுக்கு ஒரு இலட்சம் பேருக்கு நேரடி வேலை என்பது அரசின் மதிப்பீடு. பிழைப்புத் தேடி திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகும் நம் இளைஞருக்கு இது நம்பிக்கை தரும் செய்தி. வரவேற்போம்.

ஆனால் விழிப்போடு வரவேற்போம். எங்கோ ஒரு நாட்டில் மாறும் நாகரிகமும், அங்கே கேட்கப்படும் மலிவு விலையும் நம் பெண்களின் வேலை நேரத்தை முடிவு செய்யும் காலம் இது. தமிழக நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் இளம்பெண்களின் உழைப்பு சுரண்டப்பட்டதை நாம் அறிவோம். 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து, 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மேலைநாட்டுக் கடைகளுக்கு ஆடை தைத்தவர்கள் அவர்கள். அவர்களின் சொற்பக் கூலியை அறிந்த மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், அதை அடிமைத்தனம் என்றே கண்டித்தார்.

அன்பிற்குரியவர்களே, பூங்கா மிளகாயாகப் பழகுமா, கருவேலமாக மண்டுமா என்பது நம் கவனிப்பையும் பொறுத்தது. வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகள் நியமன ஆணை, வருங்கால வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. ஆகியவற்றைக் கேட்டுப் பெற அன்பியங்கள் கற்றுத் தரட்டும். ஆலைக் கழிவு கண்மாயில் கலக்காதிருக்க கிராம சபையில் நாமும் எழுந்து பேசுவோம். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தொழிலாளர்கள் வந்தால், அவர்களை 'இந்திக்காரன்' என்று ஒதுக்காமல் பெயர் சொல்லி அழைப்போம். குழந்தை இயேசுவும் எகிப்தில் அந்நியராக வாழ்ந்தவர்தானே!