குதிரை நின்றால் யார் தப்பு?



போன வாரம் மகள் குதிரையில் தடை தாண்டுகிற வீடியோவைப் போட்டிருந்தேன். பிள்ளைகள் "சூப்பர் டீச்சர்" என்று எழுதினீர்கள். சொந்தக்காரர்கள் எழுதவில்லை, நேராகப் போனிலேயே வந்துவிட்டார்கள். "நாற்பத்திரண்டு வயசுல எலும்பை உடைச்சுக்கிட்டு இதெல்லாம் தேவையா அக்கா? நீங்க சொல்லக் கூடாதா?" தனித்தனியாகப் பதில் சொல்லி மாளாது. மொத்தமாக இங்கே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான்.

அவள் இருப்பது இங்கிலாந்தில், ஹாம்ப்ஷயர் பக்கம். ஆபீஸ் வேலை. குதிரை ஏறப் பழகியது முப்பத்தேழு வயதில். சொந்தக் குதிரை கிடையாது. இன்னொருவர் குதிரையை வாரம் மூன்று நாள் பங்குக்கு எடுத்திருக்கிறாள். அந்த மூன்று நாளும் விடிவதற்கு முன்பே போய் லத்தி அள்ளி, தண்ணீர் வைத்து, குளம்பைச் சுத்தம் செய்ய வேண்டும். ஏறி உட்காருவது முக்கால் மணி நேரம்தான். இங்கே இருந்தபோது தன் தட்டைக்கூட எடுத்து வைக்காதவள்! அந்த வகையில் குதிரை எனக்குச் சம்பளம் வாங்காத உதவி ஆசிரியர்.

மே மாதம் போனேன். முதல் போட்டிக்கு முன்னால் சவாரிக்காரர்கள் மைதானத்துக்குள் நடந்து அளந்தார்களே, அதுதான் இந்தக் கணக்கு டீச்சருக்கு மிகவும் பிடித்தது. குதிரையின் ஒரு பாய்ச்சல் சுமார் 12 அடி. ஆள் 3 அடி அடியாக எடுத்து வைத்தால் நாலு எட்டு ஒரு பாய்ச்சல். இரண்டு தடைகளுக்கு நடுவே 20 எட்டு என்றால், குதிரை தரையிறங்க 2, எழும்ப 2 கழித்துவிட வேண்டும். மீதி 16. ஆக நாலு பாய்ச்சல். எட்டாம் வகுப்புக் கணக்கு! ஆனால் குதிரைக்கு இந்த நடை கிடையாது. ஆள் நடந்து பார்த்த பாதையை அது முதன்முதலாகப் பார்ப்பது ஓடும்போதுதான். அதுவும் மூக்குக்கு நேர் முன்னால் இருப்பது அதன் கண்ணுக்குப் படாது. கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் அப்படி. முதுகில் இருப்பவளை நம்பித்தான் காலைத் தூக்குகிறது.

கட்டை விழுந்தால் 4 தவறு. குதிரை தாண்ட மறுத்து நின்றால் 4. ஆள் விழுந்தால் ஆட்டமே முடிந்தது. அவள் முதல் ஞாயிறு 80 சென்டிமீட்டரில் ஒரு கட்டையும் விழாமல் வந்து ரிப்பன் பூ வாங்கினாள். அடுத்த ஞாயிறு அதைவிடத் தாழ்வான தடையில் இரண்டு கட்டை. மூன்றாம் ஞாயிறு மூன்றாவது தடைக்கு முன்னால் குதிரை சடாரென நின்றது. இவள் நிற்கவில்லை, அதன் கழுத்தைத் தாண்டிப் போய் விழுந்தாள். காறை எலும்பு உடைந்தது. மைக்கில் அவள் பெயரைத் தப்பாக உச்சரித்து "எலிமினேட்டட்" என்று அறிவித்தார்கள். நான் வேலிக்கு வெளியே சமோசாவோடு நின்றுகொண்டிருந்தேன். அந்த ஒரு நிமிஷம் எனக்கு என்ன ஆனது என்று எழுத மாட்டேன்.

அன்றைக்கு நானும் உங்கள் கட்சிதான். "போதும், விட்டுடு"ன்னு ஆஸ்பத்திரியிலேயே சொன்னேன். குதிரையையும் திட்டினேன், "திமிர் பிடித்த மிருகம்" என்று. அவள் வலியோடு சொன்னது ஒன்றே ஒன்று: "அம்மா, அது சும்மா நிக்காது."

சும்மா நிற்கவில்லைதான். மறுவாரம் கால்நடை மருத்துவர் முதுகில் கை வைத்ததும் குதிரை நெளிந்தது. கோடையில் சதை போட்டு முதுகின் வடிவம் மாறிவிட்டது, பழைய சேணம் அழுத்தியிருக்கிறது. வலிக்கிறது என்று சொல்ல அதற்கு இருந்த ஒரே மொழி நிற்பது.

டோக்கியோ ஒலிம்பிக்கில் நடந்தது சிலருக்கு நினைவிருக்கலாம். நவீன பென்டத்லானில் ஜெர்மனியின் அன்னிகா ஷ்லொய் முதலிடத்தில் இருந்தார். குலுக்கலில் கிடைத்த செயின்ட் பாய் என்ற குதிரை தாண்ட மறுத்தது. அவர் அழுதுகொண்டே சாட்டையைப் பயன்படுத்தினார். பயிற்சியாளர் குதிரையைக் கையால் குத்தினார், வெளியேற்றப்பட்டார். அதே குதிரை அவருக்கு முன்னால் ஏறிய வீராங்கனையிடமும் மறுத்திருந்தது. கடைசியில், பாரிஸ் 2024-க்குப் பிறகு அந்தப் போட்டியில் குதிரையேற்றமே இல்லை என்று முடிவு செய்தார்கள். அறிமுகமில்லாத குதிரையை இருபது நிமிடத்தில் பழகித் தடை தாண்ட வைக்கும் ஏற்பாடு போனது சரிதான் என்பது என் கருத்து.

இதைச் சொல்லும்போது எனக்கும் கை நடுங்குகிறது. பத்தாம் வகுப்பு ஆ பிரிவில் ஒரு பையன். கரும்பலகைக் கணக்கை எழுதவே மாட்டான். திமிர் என்று நினைத்து ஒரு பருவம் முழுக்க ஸ்கேலால் அடித்தேன். அரைப் பரீட்சை முடிந்து கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தான், பிறகு எல்லாம் எழுதினான். அவன் இந்தப் பக்கத்தில் இருக்கிறான், ஒவ்வொரு பொங்கலுக்கும் வாழ்த்து அனுப்புகிறான். நான் ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. தம்பி, தப்பு என்னுடையது.

வயசு விஷயத்துக்கு வருகிறேன். பிரிட்டனின் நிக் ஸ்கெல்டன் 2000-ல் கழுத்தெலும்பை உடைத்துக்கொண்டு விளையாட்டையே விட்டவர். திரும்பி வந்து 2016 ரியோவில் பிக் ஸ்டார் என்ற குதிரையில் தனிநபர் தங்கம் வாங்கினார், 58 வயதில். என் மகள் அவரில்லை, தெரியும். அவள் தங்கத்துக்குப் போகவில்லை. ஆபீசில் எல்லாவற்றிலும் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தவள், வாரம் ஒருமுறை எல்லோர் முன்னாலும் தோற்றுவிட்டு, குதிரைக்குத் தீனி வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறாள். நம் வீட்டில் அப்படித் தோற்கப் பழகியவர்கள் யார் இருக்கிறோம்? பயம் எனக்கும் இருக்கிறது. செலவும் அதிகம்தான், அதில் வாதாட மாட்டேன். ஆனால் "நிறுத்து" என்று இனி சொல்ல மாட்டேன். என்னிடம் சொல்லச் சொல்லியும் போன் பண்ணாதீர்கள்.

எலும்பு கூடிவிட்டது. சேணமும் மாற்றினார்கள். நீங்கள் பார்த்த வீடியோ நான் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு எடுத்தது. 60 சென்டிமீட்டர், சின்னப் பிள்ளைகளோடு. அதே மாதிரி மூன்றாவது தடை. குதிரை நிற்கவில்லை. கடைசித் தடையில் ஒரு கட்டை விழுந்தது, ரிப்பன் கிடையாது. வீடியோவில் யாரோ கத்துகிறார்களே, யார் என்று கேட்டிருந்தீர்கள். நான்தான்.