வக்கீல் வைக்க வக்கற்றவன் அந்நியனா?

சென்ற மாதக் கூட்டத்தில் நம்மவர் ஒருவர் கேட்டார்: "பிழைக்க வந்தவனெல்லாம் வழக்காட நம் வரிப்பணமா?" கை தட்டல் வேறு! கூட்டம் நடந்த ஜாதவ்பூர் யார் எழுப்பிய ஊர் என்று தட்டிய கைகளுக்குத் தெரியுமா?

பிஜோய்கர், ஆசாத்கர், நேதாஜி நகர் எல்லாம் கிழக்கு வங்கத்தை விட்டு வந்த அகதிகள், போர்க்கால ராணுவக் கொட்டகைகளிலும் பிறர் தரிசிலும் கீற்றுக் குடிசை போட்டு எழுப்பிய காலனிகள். 1951இல் இவர்களை வெளியேற்றச் சட்டம் வந்தபோது, துணை நின்றது அவர்களே கட்டிய அகதிகள் சங்கம்தான்.

இன்று ஏழைக்கு இலவச வக்கீல் உண்டு என்கிறார்கள். உண்மை. 1976இல் அரசியல் சட்டத்தில் 39-ஏ பிரிவு சேர்ந்தது. 1987இல் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் இயற்றப்பட்டு, 1995இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆனால் 39-ஏ "குடிமகன்" என்கிறது; 1987ஆம் ஆண்டுச் சட்டமோ "வழக்குத் தொடுக்கவோ எதிர்வழக்காடவோ வேண்டிய எவரும்" என்கிறது. குடிமகன்தானா என்ற சந்தேகத்திலேயே பிடிபட்டவன், வழக்கே பதிவாகாமல் போலீஸ் "சரிபார்ப்பில்" கிடப்பவன், எந்த வாசலைத் தட்டுவான்?

2025 ஜூலையில் குருகிராமிலும் ஒடிசாவின் ஜார்சுகுடாவிலும் வங்காளம் பேசிய தொழிலாளர்களை நூற்றுக்கணக்கில் அடைத்தார்கள். பெரும்பாலோர் இந்தியரே என்று தெரிந்து பின்னர் விட்டார்கள். தான் அந்நியனல்ல என்று நிரூபிக்கும் சுமை அவன் தலையில்தான் என்றது 1946ஆம் ஆண்டு அந்நியர் சட்டம். 2025இல் வந்த புதிய சட்டமும் அதையே சொல்கிறது. சுமையை அவன் தலையில் வைத்த சர்க்கார், சுமக்க ஒரு வக்கீலைத் தர வேண்டாமா? அசாமில் 2019 ஆகஸ்டில் குடிமக்கள் பதிவேட்டிலிருந்து 19 லட்சம் பேர் விடுபட்டனர். ஏழைகளுக்குச் சட்ட உதவி உண்டு என்றார்கள். மேல்முறையீட்டுக்கு வேண்டிய நிராகரிப்புச் சீட்டோ ஆண்டுக்கணக்கில் வரவில்லை. சீட்டில்லாமல் எந்த வக்கீல் என்ன செய்வார்?

தமிழன் இதை மறக்கலாமா? 1948இல் இலங்கை அரசு மலையகத் தோட்டத் தொழிலாளிகளை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி, 1946க்கு முன் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாமல் அங்கே வசித்ததாகக் காகிதம் காட்ட வேண்டும். லயத்தில் பிறந்து கொழுந்து கிள்ளிய கைக்குக் காகிதம் ஏது? ஏறக்குறைய 8,25,000 பேருக்காக மனுப்போட்டார்கள். குடியுரிமை பெற்றவர் 1,34,000 பேர்தான். மற்றவர்களெல்லாம் பொய்யர்களா? காகிதம் தேடவும் வாதாடவும் காசில்லாதவர்கள்!

நம் ஈழத்துச் சொந்தங்கள் ஆயிரக்கணக்கில் அடைக்கலம் தேடிய கனடாவிலும் 2019இல் ஒன்டாரியோ மாகாண அரசு சட்ட உதவி நிதியில் 30 சதவீதத்தை வெட்டி, அகதி வழக்குகளுக்கு மாகாணப் பணம் கிடையாது என்றது. கூச்சல் கிளம்பிய பிறகு மத்திய அரசு 257 லட்சம் டாலர் கொடுத்து ஓட்டையை அடைத்தது. பணக்கார நாட்டிலும் முதல் கத்தரி இவர்கள் மேல்தான்.

"உண்மையான அந்நியனுக்கும் உதவுவதா?" என்பார்கள். ஐயா, யார் அந்நியன் என்று விசாரித்தால்தானே தெரியும்! எதிர்த்தரப்பில் வாயே இல்லாத விசாரணை, விசாரணையா?

பிடித்த அன்றே அவன் மொழி தெரிந்த வக்கீல் வர வேண்டும். ஊர்ப் பள்ளிக்கும் தாலுகா ஆபீசுக்கும் ஆள் அனுப்பிப் பத்திரம் எடுக்கும் செலவும் சர்க்காருடையதே. அலிப்பூர் கோர்ட்டோடு நில்லாமல், ஜாதவ்பூர் ஸ்டேஷன் பக்கமே ஒரு சட்ட உதவி மேசை வேண்டும். அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவே கொண்டு வருகிறேன். கை தட்டியவர்கள் வந்து எதிர்த்துப் பேசட்டும்.