உடன்படிக்கை ஊரறியட்டும்
கோவில்பட்டி நகராட்சியும் சுற்றுவட்டார ஊராட்சிகளும் தன்னார்வ அமைப்புகளோடும் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியோடும் செய்துகொள்ளும் ஒவ்வோர் உடன்படிக்கையும் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். கூட்டு முயற்சியை நாம் வரவேற்கிறோம். 1997இல் தொடங்கி 2021இல் மீண்டும் உயிர்பெற்ற ‘நமக்கு நாமே’ திட்டமே, குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் தந்தால் மீதியை அரசு தரும் என்ற ஏற்பாட்டில் நிற்பதுதான். சீவலப்பேரியிலிருந்து குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரை நம்பி வாழும் ஊருக்குப் பிறர் கை தேவை, அதில் ஐயமில்லை. ஆனால், கரிசல் காட்டுக் கண்மாயை ஒரு கோடையில் தூர்வாரிப் பெயர்ப்பலகை நட்டுவிட்டுப் போனால் போதாது. இரண்டு மழை கழிந்தால் சீமைக்கருவேலம் மறுபடி தழைத்துவிடும். வரத்துக்காலை மண் மூடிவிடும். அப்போது மண்வெட்டி எடுப்பது யார்? அள்ளிய வண்டல் எத்தனை நடை, யார் வயலுக்குப் போனது? இதற்கெல்லாம் எழுத்தில் பதில் இருக்க வேண்டும். செலவு, பணியின் அளவு, ஐந்தாண்டுப் பராமரிப்புப் பொறுப்பு ஆகியவற்றைத் தமிழில் எழுதி, ஊர்களில் கிராம சபையிலும் நகரில் 2022 முதல் நடைபெற்றுவரும் பகுதி சபையிலும் படித்துக் காட்டாமல் எந்த அமைப்புக்கும் அனுமதி தரக் கூடாது. ஐப்பசி மழைக்கு முன்பே நகர்மன்றம் இதைத் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும்.