வெற்றிக் கிண்ணமும் விளையாட்டறமும்

விழா மலர்களிலே கல்லூரியின் விளையாட்டு வரலாற்றை எழுதப் புகுவோர் வென்ற கிண்ணங்களை எண்ணிக் காட்டுவது வழக்கம். எண்ணுதல் தவறன்று. ஆயினும், கிண்ணம் எதுவும் பெறாத ஓர் ஆட்டப் பருவம் பெற்ற பருவங்கள் பலவற்றினும் மேலானதாதல் கூடும் என்பது எமது துணிபு. அதற்குச் சான்று அமெரிக்காவிலே உண்டு.

இயேசு சபைத் துறவியர் 1855இல் நிறுவிய சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் கலிபோர்ணியா மாநிலத்தில் உள்ளது. அந்நாட்டார் 'புட்போல்' என்பது நாம் அறிந்த உதைபந்தாட்டமன்று. முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி ஓடியும் எறிந்தும், நான்கு முயற்சிகளுள் பத்து யாரேனும் முன்னேற வேண்டிய வன்மைமிக்க ஆட்டம் அது. 1951இல் இப்பல்கலைக்கழகக் குழு, ஜோ குகாரிச் என்பவரின் பயிற்சியில், ஆடிய 9 ஆட்டங்களிலும் வென்றது. ஒல்லி மற்சன் என்னும் வீரர் 1,566 யார் ஓடி, 21 முறை எல்லைக் கோட்டைக் கடந்து, நாடு முழுவதிலும் முதல்வராய் விளங்கினார்.

பருவ முடிவில் சிறந்த குழுக்களை அழைத்து நடத்தப்பெறும் 'போல்' ஆட்டங்கள் புகழோடு பெரும்பொருளும் தருவன. பொருள் முட்டுப்பாட்டில் நின்ற அக்குழுவுக்கு அவ்வழைப்பு உயிர்நிலை போன்றது. ஆனால் மற்சனும் பேர்ள் டோலரும் கறுப்பினத்தவர். தென் மாநிலங்களிலோ நிறபேதம் கோலோச்சிய காலம். அவ்விருவரையும் விட்டு வருவதாயின் அழைப்பு உண்டு என்ற செய்தி எட்டியது. வெள்ளையரான தோழர்கள் அதற்கு உடன்பட்டிலர். அழைப்பும் வரவில்லை. செலவு தாங்காத பல்கலைக்கழகம் அப்பருவத்தோடு அவ்வாட்டத்தையே நிறுத்திற்று.

இருவரை விட்டுச் சென்றிருப்பின் பின்வரும் மாணவர்க்கேனும் ஆட்டம் நிலைத்திருக்குமே என்று வினவுவார் உளர். அவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. எனினும், ஒன்பது ஆட்டங்களை வென்றது அவ்விருவரையும் உள்ளிட்ட குழு. அவர்களை விலக்கிய பின் களத்தில் இறங்குவது வேறொரு குழு. முன்னையதன் பெயரைச் சொல்ல அதற்கு உரிமை யாது? தோழனை விலைகூறி வாங்கும் ஆட்டம் நிலைத்துத்தான் மாணவர்க்கு எதனைக் கற்பிக்கும்?

காலம் தன் தீர்ப்பை வழங்கியது. மற்சன் 1952இல் எல்சிங்கி ஒலிம்பிக் ஓட்டங்களில் இரு பதக்கங்கள் பெற்றார். அவரும் ஜீனோ மார்க்கெற்றி, பொப் செயின்ற் கிளயர் என்போரும் தொழில்முறை ஆட்டத்தின் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றனர். முழங்காற் காயத்தால் ஆட்டத்தை இழந்த டோலர், ஆசிரியராகிப் பாடசாலை அதிபருமானார். 1965இல் தொழில்முறை ஆட்டங்களின் முதற் கறுப்பின நடுவருமானார். களத்தில் இறங்கத் தகாதவரெனப்பட்டவரின் தீர்ப்புக்குக் களம் முழுதும் கட்டுப்பட்டது! 2006இல் அப்பல்கலைக்கழகம் அக்குழுவினர்க்குக் கௌரவப் பட்டம் அளித்தது.

பிறர் நாட்டுக் குறையைப் பேசி நாம் மகிழ்தல் ஆகாது. யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிலே எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமர்வதென்பது போராடிப் பெற்ற உரிமை என்பதை மூத்தோர் அறிவர். வாங்கில் கிடைத்த சமத்துவம் மைதானத்திலும், விருந்து மண்டபத்திலும், பழைய மாணவர் கூட்டத்திலும் முழுதாய் நிலவுகின்றதா என்று நம் நெஞ்சையே நாம் வினவுதல் வேண்டும்.

மாணவர்காள்! குழுவைத் தெரிவு செய்யும் நாளில் திறமை ஒன்றையே நோக்குங்கள். தெரிந்தெடுத்த பின் ஒருவனையும் கைவிடாதீர்கள். அதனால் ஒரு கிண்ணம் கைதவறிப் போகுமாயின், அந்த வெற்றிடத்தையே கல்லூரியின் கண்ணாடிப் பேழையில் பெருமையோடு காட்டுவோம்.