பனி பெய்யும் என்று சொன்னார்களே!

“இயற்கையின் சீற்றம்” என்று எந்த ஆட்சியாளராவது கைகூப்பிக் கண்ணீர் உகுக்கக் கண்டால், வாசக நண்பர்களே, இரக்கப்படுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள். இந்தச் சீற்றம் வரப்போகிறதென்று எவரும் முன்கூட்டிச் சொல்லவில்லையா? நூற்றுக்குத் தொண்ணூறு தடவை விடை ஒன்றாகவே இருக்கும். சொன்னார்கள், நாள் குறித்துச் சொன்னார்கள், எழுத்து மூலமாகவே சொன்னார்கள். அந்தத் தாள் எந்த மேசையில் உறங்கிற்று என்பதைத்தான் பிறகு தேடவேண்டியிருக்கும்.

பாகிஸ்தானில், இஸ்லாமாபாத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், முர்ரீ என்றொரு மலைநகர் உண்டு. வெயிலுக்கு ஒதுங்குவதற்காக வெள்ளையர் கட்டிய ஊர். இன்று பனியைக் காண மக்கள் திரளும் ஊர். மத்தியதரைக் கடற்புறத்தில் உருவாகி, ஈரானையும் ஆப்கானிஸ்தானையும் கடந்து, இமயத்தின் மடியில் மோதிப் பனியாய்க் கொட்டும் குளிர்கால மேகக்கூட்டம் திடீர் விருந்தாளி அல்ல. அது புறப்பட்டுவிட்டதை வானிலை அறிஞர்கள் பல நாட்கள் முன்னரே காண்கிறார்கள். 2022 ஜனவரி முதல் வாரத்திலும் கண்டார்கள். கடும் பனி பொழியும், முர்ரீ சாலைகள் அடைபடக்கூடும் என்று அந்நாட்டு வானிலைத் துறை எச்சரித்தது.

அதே வாரத்தில் அந்நாட்டுத் தகவல் அமைச்சர் செய்ததென்ன? ஏறத்தாழ ஒரு லட்சம் வண்டிகள் முர்ரீக்குள் புகுந்துவிட்டன, விடுதி வாடகை பன்மடங்கு ஏறிவிட்டது, சாமானிய மனிதனின் வருவாயும் வளமும் பெருகிவிட்டதற்கு இதுவே சான்று என்று சமூக ஊடகத்தில் எழுதி மகிழ்ந்தார்! வண்டிகளை எண்ணத் தெரிந்திருக்கிறது. சில ஆயிரம் வண்டிகளுக்கு மேல் நிறுத்த இடமில்லாத ஊரில் இத்தனை வண்டிகளை எங்கே நிறுத்துவது என்று எண்ணத் தெரியவில்லை. ஆளவந்தாரின் கணக்கு எப்போதுமே இப்படித்தான். வரவுப் பக்கம் வரையில் மிகச் சரியாக இருக்கும்.

ஜனவரி 7ஆம் நாள் இரவு பனி கொட்டியது. காற்றில் மரங்கள் முறிந்து சாலையில் விழுந்தன. முன்னே போகவும் வழியில்லை, பின்னே திரும்பவும் வழியில்லை. உறைநிலைக்குக் கீழே இறங்கிவிட்ட குளிரில் மக்கள் வண்டிக்குள்ளேயே முடங்கினார்கள். கண்ணாடியை ஏற்றினார்கள். குழந்தைகள் நடுங்குகின்றனவே என்று எஞ்சினை ஓடவிட்டுச் சூட்டுக் கருவியைப் போட்டார்கள். எந்தத் தாயும் தகப்பனும் செய்வதைத்தான் செய்தார்கள். ஆனால் வெளியே பனி ஏறிக்கொண்டே இருந்தது. புகை வெளியேறும் குழாயை அது மூடியது. வெளியே போகவேண்டிய கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் புகுந்தது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுகக் குருதியைப் பற்றிக்கொள்வது அது. தலை கனக்கும், உறக்கம் வரும். அந்த உறக்கத்திலிருந்து எழுவதில்லை. மறுநாள் கதவுகளைத் திறந்தபோது 22 பேர் பிணமாகக் கிடந்தார்கள். பலரைக் கொன்றது இந்தப் புகையே என்று கருதப்படுகிறது. தலைநகரக் காவல்துறை ஊழியர் ஒருவரும் அவர் குடும்பத்தாருமாக எட்டுப் பேர் ஒரே குடும்பம்.

பயணம் செய்பவர்கள் இதை மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். பனியில் வண்டி சிக்கினால், முதலில் இறங்கிப் புகைக்குழாயைச் சுற்றிப் பனியை வழித்தெறியுங்கள். காற்று வீசாத பக்கத்துக் கண்ணாடியைச் சிறிது இறக்கிவையுங்கள். எஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டி அணைத்துவிடுங்கள். இரவு முழுதும் ஓடவிடாதீர்கள். இவ்வளவுதான் செய்தி. மலையடிவாரச் சாவடியில் பணம் வாங்கிக்கொண்டு கொடுக்கும் சீட்டின் பின்புறத்தில் அச்சடித்துவிடலாம். அச்சடிக்கவில்லை என்பதற்காக எவர் மீதாவது வழக்குத் தொடுத்ததுண்டா?

சாவுச் செய்தி வந்தபின் பிரதம மந்திரி இம்ரான் கான் வருத்தம் தெரிவித்தார். கூடவே ஒரு காரணமும் சொன்னார்: முன்னெப்போதும் இல்லாத பனி, வானிலை நிலவரத்தைப் பார்க்காமலே மக்கள் திரண்டுவிட்டார்கள், மாவட்ட நிர்வாகம் ஆயத்தமாக இருக்கவில்லை. இதன் பொருளைச் சற்றே பிரித்துப் பாருங்கள். வானிலை அறிக்கையைப் பார்க்காதது குடிமகனின் குற்றம். அதே அறிக்கையைச் சம்பளம் வாங்கிக்கொண்டு பார்க்கவேண்டியவர்கள் பாராதது வெறும் ஆயத்தக் குறைவு! லாகூரில் கடை வைத்திருப்பவன் முர்ரீயின் காற்றழுத்தத்தைக் கணித்திருக்க வேண்டுமாம். முர்ரீயை ஆளுவதற்கென்றே அமர்த்தப்பட்ட அதிகாரிகள் கணிக்க வேண்டியதில்லையாம்! நடந்ததை விசாரணைக் குழு பிறகு சொல்லிற்று. பனி அகற்றும் வண்டிகள் பலவும் தேவைப்பட்ட இடங்களுக்குப் பிரித்தனுப்பப்படாமல் ஒரே இடத்தில் நின்றிருந்தன. அதிகாரிகள் பதினைந்து பேர் பதவியிலிருந்து அகற்றப்பட்டார்கள். அமைச்சர் பெருமான் அவர்களில் ஒருவரல்லர்.

“கீழ்த்திசை நாடுகளில் இப்படித்தான், ஐரோப்பாவைப் பாருங்கள்” என்று நம் நாட்டு மேதாவிகள் சிலர் உடனே மேற்கு நோக்கித் தொழுவார்கள். பார்ப்போமே.

இத்தாலியில் கிரான் சாசோ மலையடியில், ஃபரிந்தோலா என்ற ஊரையொட்டி, ரிகோபியானோ என்ற உல்லாச விடுதி இருந்தது. 2017 ஜனவரி நடுவில் நாட்கணக்கில் பனி கொட்டியது. பனிச்சரிவு அபாயம் குறித்த எச்சரிக்கையும் வெளியாகியிருந்தது. ஜனவரி 18ஆம் நாள் காலை அப்பகுதியில் நில அதிர்ச்சிகள் வேறு. அஞ்சிய விருந்தினர் மூட்டை கட்டிக்கொண்டு, வீடு திரும்ப முன்கூடத்தில் காத்திருந்தார்கள். சாலை அடைந்து கிடந்தது. வழி செய்யுங்கள் என்று விடுதிக்காரர் அதிகாரிகளுக்கு மின்னஞ்சல் எழுதினார். பனியை வழித்துத் தள்ளும் வண்டி வரவில்லை. மாலையில் மலை சரிந்து விடுதியை விழுங்கிற்று. உள்ளே இருந்தவர்கள் 40 பேர். மாண்டவர்கள் 29 பேர். தப்பி வெளியே நின்ற ஒருவர் தம் முதலாளிக்குத் தொலைபேசியில் சொல்ல, அவர் அதிகாரிகளை அழைக்க, விடுதியில் எல்லாம் நலம் என்றே சில மணி நேரத்துக்கு முன் தெரிந்தது என்று பதில் வந்தது. மீட்புக் குழுவினர் நள்ளிரவில் சறுக்குக் கட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு, ஆளுயரப் பனியில் நடந்து, விடியற்காலையில்தான் அங்கே சேர முடிந்தது. வண்டி போகாத பாதையில் மனிதன் போனான் என்பதை மட்டும் மறவாதீர்கள்.

வழக்கு ஆறாண்டு நடந்தது. 2023 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தபோது, குற்றம் சாட்டப்பட்ட 30 பேரில் 25 பேர் விடுதலை! நீதிமன்றத்திலேயே உறவினர்கள் கதறினார்கள். மேல்முறையீட்டில் மேலும் சிலர் தண்டிக்கப்பட்டனர் என்பது பின்கதை.

பிரான்ஸ் இதைவிடச் சற்று நேர்மையாக நடந்துகொண்டது. 1999 பிப்ரவரி 9ஆம் நாள், ஷமோனி பள்ளத்தாக்கில் மோன்ரோக் என்ற குடியிருப்பின் மீது பனிச்சரிவு இறங்கி 12 பேரைக் கொன்றது. அபாயம் தெரிந்திருந்தும் வீடுகளைக் காலி செய்விக்கவில்லை என்பதற்காக ஊரின் மேயரையே குற்றவாளி என்றது நீதிமன்றம். தண்டனை மூன்று மாதம், அதுவும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. கைவிலங்கு பூட்டவில்லை என்று நான் குறைப்பட மாட்டேன். முன்னறிவிப்பு என்பது அலங்காரத் தாளல்ல, அது வந்த கணத்திலிருந்து ஆளுகிறவன் கடமைப்பட்டவனாகிறான் என்று ஒரு தீர்ப்பு எழுதப்பட்டதே, அதுதான் பெரிது. அதே மாதத்தில் ஆஸ்திரியாவின் கால்ட்யூர் ஊரிலும் பக்கத்து வால்ட்சூரிலும் 38 பேர் மாண்டபின், அந்த நாடு பெரும் பொருள் செலவிட்டுத் தடுப்புச் சுவர்கள் எழுப்பிற்று. ஸ்விட்சர்லாந்தில் தாவோஸ் நகர ஆய்வு நிலையம் குளிர்காலத்தில் காலையும் மாலையும் பனிச்சரிவு அறிக்கை வெளியிடுகிறது. செய்ய முடியும் என்பதற்கு இவை சான்று. ஆகவே செய்யாதவர் சொல்லும் சாக்குகளை நாம் ஏற்க வேண்டியதில்லை.

சறுக்கு விளையாட்டுக்காரர் பக்கம் வருவோம். அவர்களைப் பற்றிப் பேசும்போது என் இரக்கம் சற்றுக் குறைகிறது, மறைப்பானேன்? சாலையில் சிக்கியவன் வேண்டி விரும்பிப் பனியில் புதையவில்லை. இவரோ புதுப்பனிக்காகவே ஏங்கிக் காத்திருக்கிறார். கடும் பனி வருகிறதென்ற அதே அறிக்கை, சாலைப் பயணிக்கு எச்சரிக்கையாகவும், சறுக்குத் தலங்களின் முதலாளிகளுக்கு விளம்பரமாகவும் ஆகிவிடுகிறது. மாவுபோல் மென்பனி, முழங்காலளவு, வாருங்கள் வாருங்கள் என்று அழைக்கிறார்கள். புயல் ஓய்ந்து, வானம் நீலமாய்த் தெளிந்து, வெயில் பளிச்சிடும் முதல் நாளில் கூட்டம் அலைமோதுகிறது. அந்த நாள்தான் கொடியது. பழைய பனியில் உதிர்மணல் போல ஒரு படலம் உள்ளே நலிந்து கிடக்கும். அதன்மேல் புதுப்பனியும் காற்று கொணர்ந்து குவித்த பனியும் சுமையாய் ஏறியிருக்கும். முப்பது பாகைக்கு மேல் சரிந்த மலைப்பக்கத்தில் ஒரே ஒரு மனிதனின் எடை போதும், முழுப் பலகையும் பெயர்ந்து விழ. பனிச்சரிவில் மடியும் சறுக்குவோரில் மிகப் பெரும்பாலோருக்கு அந்தச் சரிவைக் கிளப்பிவிட்டவர் அவரே, அல்லது அவருடன் வந்தவரே. புதைந்தவனைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்புண்டு. அதற்குப் பின் வேகமாகக் குறைந்துவிடும். ஹெலிகாப்டர் அதற்குள் வராது. உடன் வந்தவனும் அவன் முதுகிலிருக்கும் மண்வாரியுமே கதி.

ஐரோப்பிய நாடுகள் 1993 முதல் ஐந்து படிகள் கொண்ட அபாய அளவுகோலைக் கையாளுகின்றன. நாலும் ஐந்தும் என்றால் பெரும்பாலோர் ஒதுங்கிவிடுகிறார்கள். சாவு மிகுதியாக நிகழ்வது மூன்றாம் படியில்! மூன்று என்றால் நடுத்தரம்தானே என்று எண்ணிவிடுகிறார்கள். அந்தப் படிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘கணிசமான அபாயம்’. பெயரைப் படிக்காமல் எண்ணைப் படிப்பதன் விளைவு இது. சறுக்குத் தலத்தின் எல்லைக்குள், வெடி வைத்துப் பனியை முன்கூட்டியே சரித்துவிட்டுத்தான் பாதையைத் திறக்கிறார்கள்; எல்லைக் கயிற்றைத் தாண்டியவனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. குல்மார்க்குக்கும் இது பொருந்தும். 2023 பிப்ரவரியில் அங்கே அஃபர்வத் சரிவில் வெளிநாட்டுச் சறுக்குவோர் இருவர் மாண்டனர்.

நம் நாட்டைப் பற்றியும் சொல்லித்தானே ஆகவேண்டும்? 2018 டிசம்பர் 28ஆம் நாள் சிக்கிமில் நாதுலா சென்று திரும்பிய சுற்றுலாப் பயணிகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் பனியில் சிக்கினர். இராணுவ வீரர்கள் தங்கள் படுக்கைகளையே அவர்களுக்குக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். பாடம் கற்றோமா? 2023 ஏப்ரல் 4ஆம் நாள் அதே சாலையில், அனுமதிக்கப்பட்ட இடத்துக்கு அப்பால் சென்றவர்கள் மீது பனி சரிந்து ஏழு பேர் மாண்டார்கள்.

இதைவிட என் நெஞ்சைச் சுடுவது இன்னொன்று. பத்ரிநாத்துக்கு அப்பால், திபெத்து எல்லையோரத்தில், மாணா என்ற சிற்றூர். அங்கே எல்லைச் சாலையில் பனி அகற்றும் பணிக்கென அமர்த்தப்பட்ட தொழிலாளர் 54 பேர் இரும்புக் கூண்டு அறைகளில் தங்கியிருந்தார்கள். 2025 பிப்ரவரி 27ஆம் நாள் மாலை ஐந்து மணிக்கு, சண்டிகரிலுள்ள பாதுகாப்புத் துறை ஆய்வு நிலையம், சமோலி மாவட்டத்தின் உயரமான பகுதிகளில் அடுத்த 24 மணி நேரத்துக்குள் பனிச்சரிவு நேரலாம் என்று எச்சரித்தது. மறுநாள் காலை பனி சரிந்தது. 46 பேர் மீட்கப்பட்டார்கள். எட்டுப் பேர் மாண்டார்கள். பிகாரிலிருந்தும் உத்தரப்பிரதேசத்திலிருந்தும் கூலிக்கு வந்த கூட்டம் அது. அவர்கள் பனி பார்க்க வரவில்லை. பிறர் போவதற்குப் பனியை வாரவந்தவர்கள். முந்தின மாலை எழுதப்பட்ட அந்த எச்சரிக்கை அவர்களுடைய கூண்டுக் கதவை வந்து தட்டியதா? தட்டியிருந்தால், அவர்களைக் கீழே இறக்க ஒரு லாரியாவது அனுப்பப்பட்டதா? சுற்றுலாப் பயணி இறந்தால் அமைச்சர் ஓடிவருகிறார். கூலிக்காரன் இறந்தால் எண்ணிக்கையில் சேர்க்கிறார்.

“சாலையை அடைத்தால் மலைநகரத்து ஏழைகள் பட்டினி கிடப்பார்கள், தேநீர்க் கடைக்காரன், குதிரைக்காரன், விடுதியில் எச்சில் தட்டுக் கழுவும் சிறுவன் பிழைப்பு என்னாவது?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் கேட்கிறவர் யாரென்று பாருங்கள். முர்ரீயில் பனியில் தவித்த மக்களிடம் ஒரு நாள் வாடகையைப் பல மடங்கு உயர்த்திக் கேட்ட விடுதிகளுக்குப் பின்னர் முத்திரை வைக்கப்பட்டது. அந்த வாடகையில் தேநீர்க் கடைக்காரனுக்குப் பங்கு இருந்ததா? இரண்டு நாள் சாலையை அடைத்தால் இழக்கும் கூலியை, சீசன் முழுதும் அந்தச் சாலையில் வசூலித்த சுங்கத்திலிருந்து கொடுக்கட்டும். இத்தனை வண்டிகள்தான் ஊர் கொள்ளும் என்று எண்ணி, அதற்கு மேல் வருகிற வண்டியை அடிவாரத்திலேயே திருப்பட்டும். எச்சரிக்கை வந்த மாலையிலேயே பனி அகற்றும் வண்டிகளைப் பல இடங்களுக்குப் பிரித்து நிறுத்தட்டும். தொழிலாளர் முகாம்களை முதலில் கீழே இறக்கட்டும். எந்த அதிகாரி எந்த மணிக்கு அறிக்கையைப் பெற்றார், பெற்றபின் என்ன செய்தார் என்று பதிவேட்டில் கையெழுத்திடட்டும். பணம் வாங்கிக்கொண்டு சுங்கச்சாவடியில் தூக்குகிறார்களே ஒரு கட்டை, அந்தக் கட்டையை முன்னறிவிப்பு வந்த நாளில் தாழ்த்தியே வைக்கச் சொல்கிறோம். அதற்குப் புதிய இயந்திரம் எதுவும் வாங்க வேண்டியதில்லை.